குளுக்கோஸ் தண்ணீர்

உட்காரக் கூடாது. மேசைக்குப் பின்னால் நாற்காலி ஒன்று கிடக்கிறது, ஒரு கை உடைந்தது, என்றாலும் நாற்காலிதான், ஆனால் அறைக் கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது. பறக்கும் படை எப்ப வேணாலும் வரும் டீச்சர், நீங்க கண்ணசந்தீங்கன்னா எனக்குத்தான் மெமோ என்று சீஃப் சார் காலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சீஃப் என்றால் இந்தத் தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர். அவருக்கு நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, எங்கள் எல்லாருடைய போன்களும் அவருடைய பீரோவுக்குள் அணைந்து கிடக்கின்றன. எனக்கு இந்த அறையும் இருபது பிள்ளைகளும் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே ஒரு நடைபாதையும். கோவில்பட்டி வெயில் மார்ச்சிலேயே ஓட்டுக்கூரை வழியாக இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு மட்டும் உட்கார அனுமதி. பிளஸ் ஒன் உயிரியல். நான் தமிழ் டீச்சர், அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன். உயிரியல் டீச்சர்களுக்கு உயிரியலன்று வேலை கிடையாது, சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று பயம். சொந்தப் பிள்ளை எழுதுகிற மையத்திலும் போட மாட்டார்கள். ஆகவே என் மகள் எழில் ஊரின் அந்தக் கோடியில் இதே கேள்வித்தாளை எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் இந்தக் கோடியில் யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெண்டைக்கால் கடுக்கிறது. இடது காலில் இருந்து வலது காலுக்கு மாறி நின்றால் வலது கால் கடுக்கிறது.

இதற்கும் எழில் ஒருநாள் காரணம் சொன்னாள். நின்றுகொண்டே இருந்தால் தசைக்குள் காற்றுப் போதாது, காற்றுப் போதாவிட்டால் சர்க்கரை பாதி எரிந்து நின்று அமிலமாகிவிடும், அதுதான்மா கடுப்பு என்று. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு ஏறும், அப்படிப் படித்துப் படித்து எனக்கே பாதிப் பாடம் ஏறிவிட்டது. கிளைக்காலிஸிஸ், பைருவிக் அமிலம், மைட்டோகாண்ட்ரியா. சாம்பாருக்குத் தாளிக்கும்போது வாய் தானாக மைட்டோகாண்ட்ரியா என்கிறது. சர்க்கரையை அப்படியே அடுப்புல கொட்டினா குப்புனு எரிஞ்சு போயிரும், ஆனா செல் அப்படி எரிக்காதும்மா, கொஞ்சம் கொஞ்சமா, படிப்படியா, நெருப்பே இல்லாம எரிக்கும், எரிஞ்சு வர்ற சக்தியை ஏ.டி.பி.ன்னு சின்னச் சின்னதாக் கட்டி வச்சுக்கும் என்றாள். தீக்குச்சி மாதிரியா என்று கேட்டேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கினவள், எனக்குச் சின்னதாக எரிவது என்றால் குச்சிதான். கரெக்ட்மா, ஒரு ஏ.டி.பி. ஒரு குச்சி, கிழிச்சா அவ்வளவுதான், அடுத்த குச்சி எடுக்கணும் என்றாள். ஒரு குளுக்கோஸுக்கு முப்பத்தாறு குச்சியா முப்பத்தெட்டா என்று புத்தகத்துக்குப் புத்தகம் தகராறு. இன்று விடிவதற்கு முன் எழுந்து, குழம்பு வைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, நின்றபடியே இரண்டு இட்லி தின்று, பஸ்ஸில் நின்று, இங்கே வந்து நிற்கிறேன். அந்த இட்லிகள் இந்நேரம் எங்கே எரிந்துகொண்டிருக்கின்றன? என் பெட்டியில் குச்சி தீர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சோர்வு என்றால் படுத்தால் போகிற சோர்வில்லை இது, படுக்கவும் தெம்பு வேண்டும் என்கிற சோர்வு. எழிலுக்கும் இப்போதெல்லாம் அப்படித்தான். புத்தகத்தை மடியில் வைத்தபடியே சுவரில் சாய்ந்துவிடுகிறாள். உசுப்பினால் ஆமாம்மா படிக்கிறேன் என்கிறாள், கண்ணைத் திறக்காமல்.

முன் பெஞ்சுப் பெண் கூடுதல் தாள் கேட்கிறாள். கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். விரலில் காலையில் பூசின விபூதி இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. எழிலுக்குப் பூசினது. கண்ணில் விழாமல் இடது கையை அவள் புருவத்துக்கு மேல் மறைத்துக்கொண்டு, வலது கையால் பூசி, ஊதிவிட்டேன், அவளும் முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். பழ வாசனை. அன்னாசிப் பழம் கொஞ்சம் கூடுதலாகப் பழுத்துப்போனால் வருமே, அது. பரீட்சை நாளில் அன்னாசி தின்றாளா என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எதையும் விட்டுட்டு வராத, தெரியலன்னாலும் எதையாவது எழுதிட்டு வா என்று சொன்னேன். எல்லாப் பரீட்சைக்கும் சொல்வதுதான், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். தலையாட்டினாள். பிறகு அந்தத் தண்ணீர் பாட்டில். கண்ணாடி போலத் தெரிகிற பாட்டில்தான் உள்ளே விடுவார்கள், அதில் நிறையக் குளுக்கோஸ் தண்ணி கலந்து கொடுத்தேன். டப்பாவில் போட்டிருக்கிற அளவு எல்லாம் எனக்குப் பிடிக்காது, இரண்டு கரண்டி கூடவே போட்டேன், பிள்ளை துவண்டு துவண்டு விழுகிறாள், மூளைக்குச் சர்க்கரைதான் எரிபொருள் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு வாரமாகக் காலையும் மாலையும் அதுதான் கொடுக்கிறேன். ஊரில் எந்த வீட்டில் கொடுக்கவில்லை, மார்ச் மாதம் வந்தால் எல்லா மளிகைக் கடையிலும் குளுக்கோஸ் டப்பாதான் முன்னால் நிற்கிறது. மடக் மடக்கென்று குடித்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் வீட்டில் அன்னாசி ஏது?

மூன்றாவது வரிசையில் பையன் ஒருவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூரையில் பதில் இல்லை, தம்பி, நானும் பார்த்துவிட்டேன். நடந்தால் கால் கொஞ்சம் பரவாயில்லை. கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்புகிறேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் யாரோ ஒரு அப்பா ஸ்கூட்டரில் சாய்ந்து தூங்குகிறார், கொடுத்து வைத்தவர். என் வீட்டுக்காரர் மின்வாரியம், இந்நேரம் எந்தக் கம்பத்தில் தொங்குகிறாரோ, கம்பத்தில் ஏறினால் போனை எடுக்க மாட்டார். காலையில் எழில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தபோது அவர்தான் சொன்னார், எனக்கும் பத்தாவதுல இப்பிடித்தான், கணக்குப் பரீட்சைன்னா வயித்தப் புரட்டும், எழுத ஆரம்பிச்சா சரியாயிரும் என்று. சரியாகியிருக்கும். எழுதிக்கொண்டிருப்பாள். அன்னாசி வாங்கவில்லை. எனக்கு அன்னாசி வெட்டவே தெரியாது, வாங்குவதே இல்லை. வாழைப்பழம் முந்தாநாளே தீர்ந்துவிட்டது. வீட்டில் பழமே இல்லை. பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்கா கொடுத்திருப்பார்களோ? அவர்கள் கொடுத்தால் கொடுத்தேன் என்று நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்கள்தான் போன வாரம் எழிலைப் பார்த்துவிட்டு, என்ன செண்பகம் பிள்ளை இப்பிடி இத்துப் போயிட்டா, கண்ணுபட்டிருக்கு, சுத்திப் போடு என்றார்கள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை பார்த்தியா, அவ்வளவு கண்ணு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஏனென்றால் பிள்ளை சாப்பிடாமல் இளைக்கவில்லையே, சாப்பிட்டுச் சாப்பிட்டு இளைக்கிறாள். ஆறு தோசை தின்றுவிட்டு இன்னும் இருக்காம்மா என்கிறாள். பள்ளிக்கூடச் சுடிதாரை இரண்டு தரம் உள்ளே பிடித்துத் தைத்தாயிற்று. படிக்கிற பிள்ளை, எரித்துவிடுகிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. எரிக்கிறாள், ஆனால் எதை?

எறும்பு. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? கக்கூஸில் எறும்பு ஏறுகிறது, ஒரு மாதமாக. எறும்புப் பொடி போட்டேன், போன எறும்பு திரும்பி வருகிறது. ராத்திரி நாலு தரம் எழுந்து போகிறாள், போய்விட்டு வந்து சொம்புத் தண்ணீரைக் குடிக்கிறாள், குடித்துவிட்டுத் திரும்பப் போகிறாள். விளக்கு எரிகிறது, படிக்கிறாள் என்று புரண்டு படுத்தேன். தூக்கம், எனக்குத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது, யார் எழுந்து ஏன் என்று கேட்பது. வாய் எல்லாம் காயுதும்மா என்று சொன்னாள். வெயில் காலம்டி என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்திருக்கிறது. எறும்பு எதற்கு வரும், சர்க்கரை சிந்தினால் வரும், கக்கூஸில் யார் சர்க்கரை சிந்துவார்கள். வேண்டாம். செண்பகவல்லி, நட, கடைசி பெஞ்சு வரை நட. மூன்றாவது பெஞ்சுப் பெண் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறாள், வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர், அவளுக்கும் ஒரு அம்மா கலக்கிக் கொடுத்திருக்கிறாள். தொண்டை ஏறி இறங்குகிறது. குடித்துவிட்டு மூடியைத் திருகி, மறுபடி குனிந்து எழுதுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். குண்டாக, எண்ணெய் வழிய, நன்றாக இருக்கிறாள்.

மேசையில் வராத பிள்ளையின் கேள்வித்தாள் ஒன்று மிச்சம். படித்தால் நேரம் போகும் என்று எடுத்தேன். என்னென்னவோ வேர், இலை, எலும்பு. கிளைக்காலிஸிஸ் வந்திருக்கிறது, நல்ல வேளை, அது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பக்கத்தைத் திருப்பினேன். நீரிழிவு நோயின் அறிகுறிகளைக் கூறி, இரத்தத்தில் குளுக்கோஸ் மிகுந்திருந்தும் செல்கள் கொழுப்பை எரிப்பது ஏன் என விளக்குக. இதுவும் தெரியும் அவளுக்கு. இதை அவள் படித்தது சிலிண்டர் வந்த அன்றைக்கு. சிலிண்டர்க்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார், அவள் அப்பா வரும்வரை உள்ளே தூக்கி வைக்க ஆளில்லை. அதை வைத்தே எனக்குப் பாடம் நடத்தினாள். சர்க்கரை வாசல் வரைக்கும் வந்திருதும்மா, ரத்தம் பூரா சர்க்கரை, ஆனா உள்ள கொண்டு போறதுக்கு இன்சுலின் இல்ல. உள்ள அடுப்பு அணைஞ்சு போச்சு, எல்லாருக்கும் பசி, என்ன செய்வாங்க, வீட்டுல இருக்கிற நாற்காலி, கட்டில், கதவு எல்லாத்தையும் உடைச்சு எரிப்பாங்க. அதான் ஆள் இளைச்சிருவாங்க. வாசல்ல இருக்கிற சர்க்கரை வழிஞ்சு மூத்திரத்துல போகும், கூடவே தண்ணியையும் இழுத்துட்டுப் போகும், அதான் தாகம். நாற்காலி எரிச்ச புகைக்குப் பேரு கீட்டோன், மூச்சுல பழ வாசனை அடிக்கும்மா, நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து வாசனை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நீ கேக்கவே இல்லம்மா, உன் வெங்காயத்தைப் பார்த்துக்கிட்டே இருக்க. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அவளும் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் பாடத்தைப் பரீட்சைக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டோம்.

இல்லை. நான் தமிழ் டீச்சர். எனக்கு என்ன தெரியும், ஒரு கேள்வித்தாளைப் படித்துவிட்டு நோய் கண்டுபிடிக்க. பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கே சர்க்கரை வரும், எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது, அவர் வீட்டிலும் கிடையாது, அது வயதானவர்களுக்கு வருவது. வராது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொள்கிறேன். ஒருவேளை தப்பாக இருந்தால், நடுப் பரீட்சையில் பிள்ளையை இழுத்து வெளியே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அவள் என் முகத்தில் விழிப்பாளா? பக்கம் பக்கமாகப் படித்த பரீட்சை. உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம் என்பார் அவர். இன்னும் கொஞ்ச நேரம்தான், மணி அடித்ததும் போனை வாங்கி, மெதுவாக விசாரித்து, சாயங்காலம் டாக்டரிடம் காட்டிவிடலாம், சாயங்காலம் போதும். பாட்டில். நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். இரண்டு கரண்டி கூடப் போட்ட பாட்டில் அவள் பெஞ்சின் மேல் இருக்கிறது. வாய் காய்கிறது அவளுக்கு, குடிப்பாள், குடித்தால் இன்னும் காயும், இன்னும் குடிப்பாள், வாசலில் ஏற்கெனவே வழிகிற சர்க்கரைக்கு மேல் சர்க்கரை, நான் கலக்கியது, என் கையால், ஒரு வாரமாக. காலையில் செருப்பு மாட்டும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. மாடி ஏறி வந்தவள் மாதிரி ஆழமாக, இழுத்து இழுத்து. பயத்தில் படபடப்பு என்று நினைத்தேன். அது படபடப்பு மூச்சு இல்லை. பயமாக இருக்கிறது. இவ்வளவு களைப்புக்குள்ளும் பயப்பட எங்கிருந்தோ தெம்பு வருகிறது.

அறையை விட்டுப் போகக் கூடாது. வாசற்படியில் நின்று வராந்தாவைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை, தண்ணீர்ப் பானை மட்டும். இருபது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் மெமோ இல்லை, சஸ்பென்ஷனே வரும். இருபது பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவருக்கும் என்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, இவர்கள் காப்பியடிக்காமல் இருக்க நான் நிற்கிறேன், அங்கே இன்னொரு டீச்சர் இப்படியே நின்று எழிலின் கழுத்து திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள், கழுத்து எலும்பு தெரிகிறதே என்று பார்க்க மாட்டாள். நான் பார்த்தேனா, தினமும் தலை பின்னிவிடுகிறவள்? வராந்தா முனையில் ஜெபராணி டீச்சர் வருகிறாள். பி.டி. டீச்சர், எங்களுக்குப் பாத்ரூம் போக மாற்றிவிடுகிறவள். அடுத்த அறைக்குள் நுழையப் போனாள். கையைத் தட்டினேன். தேர்வறையில் கை தட்டக் கூடாது. இருபது தலைகளும் நிமிர்ந்தன.

"என்ன டீச்சர், மயக்கமா? மொகமெல்லாம் வெளுத்திருக்கு."

"ஜெபராணி, இந்த ரூமைப் பார்த்துக்கங்க. எம்மகளுக்கு உடம்பு சரியில்ல."

"யாரு சொன்னா? போனெல்லாம் உள்ளல்ல இருக்கு."

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்."

அவள் என் கையிலிருந்த கூடுதல் தாள்கட்டை வாங்கிக்கொண்டு, "போங்க, நான் நிக்கேன்" என்றாள். கால் கடுப்பு தெரியவில்லை. சீஃப் அறை வரை ஓடினேனா நடந்தேனா தெரியாது. பீரோவைத் திறக்க மாட்டேன் என்றார் சீஃப், விதி என்றார், ரத்தத்தில் சர்க்கரை, மூச்சில் வாசனை, பாட்டில் என்று நான் முன்னும் பின்னுமாக ஏதோ சொன்னேன், பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க அக்கா மகனுக்கு இப்பிடித்தான் டீச்சர் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்து அந்த மையத்துச் சீஃபைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். நான் பேர் சொன்னேன், பதிவெண் ஞாபகம் வரவில்லை, நீல மூடி போட்ட தண்ணி பாட்டில் என்றேன். அந்தப் பிள்ளையா, ரெண்டு தரம் பாத்ரூம் போயிட்டு வந்தா, கொஞ்சம் அசதியாத்தான் இருக்கா, ஆனா நல்லா எழுதுதும்மா, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தானே, எழுதிரட்டுமே என்றார் அவர். வேண்டாம் சார், பேனாவைக் கீழ வைக்கச் சொல்லுங்க என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதற்குள் எங்கள் சீஃப் இன்னொரு போனில் நூற்றெட்டுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் இருந்த போனில் யாரோ நடக்கிற சத்தம், மின்விசிறிச் சத்தம், பெஞ்சு இழுபடுகிற சத்தம், ஒரு ஆண் குரல் மெதுவா வாம்மா மெதுவா என்கிறது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு மூச்சு. நீளமாக, இழுத்து இழுத்து, காலையில் என் முகத்துக்குப் பக்கத்தில் விட்ட அதே மூச்சு.

"அம்மா."

"எழில், பாட்டில்ல இருக்கிறதக் குடிக்காத. ஒரு மடக்குகூடக் குடிக்காத. கேக்குதா?"

"குடிக்கலம்மா." நாக்கு குழறியது. "அந்தக் கேள்விய எழுதுனதுல இருந்து குடிக்கல. பாதி அப்பிடியே இருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சீஃப் நாற்காலியை என் பக்கம் தள்ளினார், உட்காருங்க டீச்சர் என்றார். நான் உட்காரவில்லை.

"தெரிஞ்சும் ஏன்டி எந்திரிச்சு வரல?"

மூச்சு வந்தது, போனது. அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு கேள்வி இருந்துச்சும்மா. நீதான எதையும் விட்டுட்டு வராதன்னு சொன்ன."